மலைக்குத் தெரியாமல் திரும்பினோம்!



இந்த மாதச் சுவர் இதழுக்கு முகாம் அனுபவம் எழுதித் தரச் சொல்லி எங்கள் தமிழ் ஐயா கேட்டார். ஏலகிரி மலை எவ்வளவு அழகு, என்ன சாப்பிட்டோம், பஸ்ஸில் யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்றெல்லாம் எழுதலாம்தான். ஆனால் நான் எழுதப்போவது வேறு. சாரணியர் என்பதால் எனக்கு முகாமில் ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் எட்டுப் பேருக்கு, இயற்கையைக் கெடுக்காமல் மலையில் தங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதற்கு எனக்குத் தகுதி இருக்கா என்று கேட்டால், இல்லை. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் நடந்தது

ஏலகிரிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். போன வருடம் பேகன் வளைவுக்குப் பக்கத்தில் பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். குரங்குகள் வந்தன. ஜன்னல் வழியாகச் சிப்ஸ் தூக்கிப் போட்டோம். மயிலுக்குப் போர்வை தந்தவர் பேகன். மயிலுக்குப் போர்வை தேவையில்லை, ஆனாலும் அவர் மனசு பெரிசு. குரங்குக்குச் சிப்ஸும் தேவையில்லை. எங்களுக்கோ மனசும் பெரிசில்லை, வேடிக்கை பார்க்கத்தான் போட்டோம்.

மூன்றாம் நாள் திரும்பும்போது அதே இடத்தில் இறங்கினோம். ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன் கையில் பிஸ்கட் பாக்கெட் வைத்திருந்தான். ஒரு பெரிய குரங்கு பாய்ந்து பிடுங்கியது. அவன் பயத்தில் விடவில்லை. கையில் ஆழமாகக் கீறி ரத்தம் வந்துவிட்டது. சார் உடனே காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் தண்ணீரில் கழுவினார். பிறகு அரசு மருத்துவமனை. காயத்தைச் சுற்றி ஊசி, அப்புறம் வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசி நான்கு தவணை. காலாண்டு விடுமுறையில் எல்லோரும் விளையாட, அவன் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான்.

"நான் குரங்குக்கு எதுவுமே போடலையே அக்கா, என்னை ஏன் பிடிச்சுது?" என்று என்னிடம் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

விதியை ஒப்பித்தால் போதுமா?

இந்த வருடம் முதல் நாள் ஒரு சார்ட்டில் விதிகளை எழுதினேன். 'லீவ் நோ டிரேஸ்' என்று 7 விதிகள் உண்டு. 'சுவடு விடாதே' என்று அர்த்தம். அமெரிக்காவில் முகாம் போடுகிறவர்களுக்காக உருவானவை. முன்பே திட்டமிடு, உறுதியான தரையில் நட, கழிவைச் சரியாக அகற்று, கண்டதை எடுக்காதே, தீயைக் குறை, விலங்குகளை மதி, மற்றவர்களை நினை. எட்டுப் பேரும் ஏழு விதியையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

அன்று சாயங்காலமே அவர்களில் ஒரு பெண் ஓடையில் சோப்புத் தூள் போட்டுத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்! நான் கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "தண்ணி ஓடிட்டுத்தானே அக்கா இருக்கு?" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. 'செய்யாதே' என்று மட்டும் சொன்னேன். 'ஏன்' என்று சொல்லவே இல்லை. மறுநாள் சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

1. குண்டூசி சோதனை

ஒரு கிண்ணத்தில் ஓடைத் தண்ணீர் எடுத்தேன். சின்னக் காகிதத் துண்டின்மேல் குண்டூசியை வைத்து மெதுவாக மிதக்கவிட்டேன். காகிதம் நனைந்து மூழ்கியது, ஊசி மிதந்தது. இதற்குக் காரணம் பரப்பு இழுவிசை. பிறகு ஒரே ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் விட்டேன். ஊசி டக்கென்று மூழ்கிவிட்டது!

ஓடையில் நீண்ட கால்களை ஊன்றி வழுக்கிக்கொண்டே போகுமே ஒரு பூச்சி, அதுவும் இந்தப் பரப்பு இழுவிசையை நம்பித்தான் நிற்கிறது. தவளை தன் தோலாலும் சுவாசிக்கிறது. அந்தத் தோலில் சோப்புப் பட்டால் என்ன ஆகும்? ஓடும் தண்ணீர் சோப்பை அழிப்பதில்லை, கீழே இருக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

அதனால் ஓடையிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் தள்ளிப் போய்க் கழுவ வேண்டும். பெரியவர்களுக்குச் சுமார் 80 எட்டு, சின்னவர்களுக்கு 100 எட்டு. கழுவிய தண்ணீரை மண்ணில் பரவலாகத் தெளித்தால், மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். எட்டுப் பேரும் உரக்க எண்ணிக்கொண்டே நடந்தார்கள். ஒருத்தன் கூடுதல் புண்ணியத்துக்கு 120 வரை போனான்!

2. கல்லுக்கு அடியில் வீடு

மலையேறும்போது ஒரு கல்லைக் காட்டினேன். அடியில் பூரான், தேள், தவளை, எறும்பு என்று யார் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். கல்லைப் புரட்டினால் அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்த மாதிரி. நமக்கும் கடி கிடைக்கும்!

பாதையை விட்டு விலகாமல் வரிசையாக நடந்தோம். பலர் மிதிக்க மிதிக்க மண் இறுகிவிடும். இறுகிய மண்ணில் மழைத் தண்ணீர் இறங்காது, விதை முளைக்காது. ஏற்கெனவே இறுகிய பாதையிலேயே நடந்தால் புதிதாக எதுவும் கெடாது.

3. ஒரு சாண் குழி

இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டுப் படியுங்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் அவசரம் வந்தால், பாதைக்கும் தண்ணீருக்கும் 200 அடி தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பிறகு மண் போட்டு மூட வேண்டும். மேல் மண்ணில்தான் நுண்ணுயிர்கள் அதிகம், அவை சீக்கிரம் மட்கச் செய்யும். திறந்தவெளியில் விட்டால் மழையில் கரைந்து ஓடைக்கு வரும். அந்த ஓடையைத்தானே மாடும் குடிக்கிறது, மனுஷனும் குடிக்கிறான்?

4. தீ இல்லாத கேம்ப் ஃபயர்

"கேம்ப் ஃபயர் எங்கே அக்கா?" என்று கேட்டார்கள். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் மாதம் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததைச் சொன்னேன். காய்ந்த புல்லில் பற்றும் தீ மலைச் சரிவில் மேல்நோக்கி மிக வேகமாக ஏறும். நாம் ஓடி ஜெயிக்க முடியாது. தரையில் மூட்டும் தீ, மண்ணில் உள்ள உயிர்களையும் விதைகளையும் கருக்கிவிடும்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? டார்ச் லைட்டை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய வெள்ளைக் கேனை வைத்தோம். கேன் முழுக்க வெளிச்சம்! அதைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடினோம். சமையல் கேஸ் அடுப்பில்தான்.

5. சீப்பு நடை

கடைசி நாள் ஒரு கை தூரம் விட்டு வரிசையாக நின்று, மைதானத்தைச் சீப்பால் வாருவது போல நடந்தோம். மிட்டாய்க் காகிதத்தின் மூலை, ரப்பர் பேண்ட், தீக்குச்சி என்று 43 துண்டுகள் கிடைத்தன. எல்லாம் நாங்கள் போட்டதுதான்! 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் பிளாஸ்டிக் பை, கப் உட்பட 14 வகைப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. ஆனால் மிட்டாய்க் காகிதம் நம் கையிலிருந்துதானே விழுகிறது? உப்பு வாசனைக்காக மாடும் மானும் கவரைத் தின்றால், அது செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும். பழத்தோலையும் விடவில்லை, கட்டி எடுத்து வந்தோம். அது மட்கும்தான். ஆனால் அதுவரை குரங்கையும் பன்றியையும் அழைத்துக்கொண்டே இருக்கும்.

மறுபடியும் அதே வளைவு

இறங்கும்போது பஸ் அந்த வளைவில் மெதுவானது. குரங்குகள் மதிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காட்டில் அத்திப்பழம், ஆலம்பழம், இலை, பூச்சி தின்று, விதைகளைத் தூரத்தில் போட்டு மரம் வளர்க்கும் ஜீவன்கள், ரோட்டோரம் பாக்கெட்டுக்குக் காத்திருந்தன. பெரிய வகுப்பு அண்ணன் ஒருவர் பிஸ்கட்டைப் பிரித்தார்.

ஓடையில் தட்டுக் கழுவினாளே, அதே பெண் எழுந்து நின்றாள். "அண்ணா, நீங்க போட்டுட்டுப் போயிடுவீங்க. அப்புறம் வர்றவங்களைத்தானே அது பிடிக்கும்?" என்றாள்.

அந்த அண்ணன் பிஸ்கட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

நான் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. குண்டூசி சோதனையிலிருந்து அவளே புரிந்துகொண்டாள். ஓடையில் கீழே இருக்கிறவர்கள் மாதிரிதான் பாதையில் பின்னால் வருகிறவர்களும்.

நண்பர்களே! அடுத்த முறை தம்பி தங்கைகளை முகாமுக்கு அழைத்துப் போனால் 'ஏன்' என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்வதை முதலில் நாமும் செய்வோம்.

கடைசியாக ஒன்று. போன வருடம் ஊசி போட்டுக்கொண்ட தம்பி இப்போது ஏழாம் வகுப்பு. அவனும் இதைப் படிப்பான். தம்பி, உன்னை ஏன் பிடித்தது என்று கேட்டாய் அல்லவா? அன்று முதல் சிப்ஸைத் தூக்கிப் போட்டது நான்தான். என்னை மன்னித்துவிடு.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி