அடுக்கு வில்லும் அடுக்கு ரப்பரும்

பார வண்டிகளின் அச்சின் மேல், வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்டிருப்பதை யாவரும் கண்டிருப்பர். பெரிய பாலங்களில், தூணின் தலைக்கும் அதன்மேல் அமர்ந்துள்ள உத்தரத்துக்கும் இடையே கரிய ரப்பர்த் திண்டுகள் இருப்பதைக் கவனித்தவர் சிலரே. அத்திண்டுகளுக்குள்ளும் அடுக்குகள் உண்டு. ரப்பர்த் தகடுகளும் எஃகுத் தகடுகளும் அவற்றில் மாறி மாறி அமைந்துள்ளன.

இரண்டும் அடுக்கு அமைப்புகளே. இரண்டும் அதிர்ச்சியைத் தாங்குவதற்கு ஏற்பட்டவையே. ஆயினும் அடுக்குகள் அமைந்ததன் நோக்கம் இரண்டிலும் நேர்மாறானது. பட்டைவில்லில் ஒவ்வொரு பட்டையும் அடுத்த பட்டையின்மேல் தடையின்றி வழுக்கிச் செல்ல வேண்டும். ரப்பர்த் திண்டில் ஒவ்வொரு தகடும் அடுத்த தகட்டை விட்டு இம்மியும் பிரியாமல் ஒட்டியிருக்க வேண்டும். இவ்வேற்றுமையின் காரணத்தை அறிந்தவர்க்கு, இவ்வமைப்புகளை வகுக்கும் முறையும் அவை பழுதுபடும் வழிகளும் எளிதில் விளங்கும்.

அதிர்ச்சியும் தூரமும்

விரைந்து வரும் பந்தைப் பிடிப்பவன் தன் கைகளைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான். பந்து நிற்பதற்கு அதிகத் தூரம் கிடைப்பதால் கைக்கு வலி குறைகிறது. அதிர்ச்சி தாங்கும் அமைப்புகள் அனைத்துக்கும் அடிப்படை இதுவே.

10 கிலோகிராம் எடையுள்ள பொருள் ஒன்று 50 செ.மீ. உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். அடியிலுள்ள திண்டு 5 மி.மீ. மட்டுமே அமுங்கி அதனை நிறுத்துமாயின், திண்டு தாங்கும் சராசரி விசை சுமார் 1,010 கிலோகிராம் எடைக்குச் சமம். அதே திண்டு 50 மி.மீ. அமுங்குமாயின் அவ்விசை 110 கிலோகிராம் எடையாகக் குறைந்துவிடும். அமுங்கும் அளவுக்கு ஏற்ப எதிர்விசை சீராக வளரும் வில்லில், உச்ச விசை இச்சராசரியைப்போல் இரு மடங்கு இருக்கும்.

ஆகவே நல்ல அமைப்பு ஒன்று மூன்று கடமைகளை நிறைவேற்ற வேண்டும். முதலாவதாக, நிலையான பாரத்தைத் தளராமல் சுமக்க வேண்டும். இரண்டாவதாக, அதிர்ச்சி வரும்போது போதிய தூரம் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, தான் ஏற்ற சக்தியில் ஒரு பகுதியை வெப்பமாகக் கழித்து, அசைவை விரைவில் அடக்க வேண்டும். முதற் கடமைக்கு வலிமையும் இரண்டாவதற்கு மென்மையும் தேவை. முரண்பட்ட இவ்விரு குணங்களையும் ஒரே அமைப்பில் இணைப்பதற்கு அடுக்கு முறை உதவுகிறது.

பட்டைவில்

எஃகுப் பட்டை ஒன்று வளைவதை எதிர்க்கும் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்பவும், பாரத்தைச் சுமக்கும் வலிமை தடிப்பின் இருமடிக்கு ஏற்பவும் மாறுகின்றன. தடிப்பை இரட்டித்தால் வலிமை நான்கு மடங்காகும். விறைப்போ எட்டு மடங்காகிவிடும்.

18 மி.மீ. தடிப்புள்ள ஒரே பட்டையையும், அதே அகலமும் நீளமும் கொண்டு, தனித்தனியே வளையக்கூடிய, 6 மி.மீ. தடிப்புள்ள ஒன்பது பட்டைகளின் அடுக்கையும் ஒப்பிடலாம். 18-இன் இருமடி 324. 6-இன் இருமடி 36. ஒன்பது பட்டைகளுக்கு அதுவும் 324 ஆகிறது. எனவே இரண்டும் சுமக்கும் பாரம் ஒன்றே. மும்மடியை நோக்கினால், முன்னது 5,832; பின்னது ஒன்பது முறை 216, அதாவது 1,944. அடுக்கின் விறைப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஒரே பாரத்துக்கு அது மூன்று மடங்கு தூரம் வளைந்து கொடுக்கும். மூன்று மடங்கு சக்தியை ஏற்கும்.

இப்பயன் விலையின்றிக் கிடைப்பதன்று. அடுக்கில் எஃகின் அளவும் மூன்று மடங்காகிறது. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏற்கும் சக்திக்கு எல்லை உண்டு. அடுக்கு முறை அவ்வெல்லையை உயர்த்துவதில்லை. வண்டியின் அடியிலுள்ள குறுகிய இடத்தில் அதிக எஃகை வேலை செய்ய வைப்பதே அதன் சிறப்பு.

பட்டைகள் யாவும் ஒரே நீளத்தில் இராமல், கீழே செல்லச் செல்லக் குறுகி வருவதற்கும் காரணம் உண்டு. நடுவில் அச்சோடு பிணைக்கப்பட்ட வில்லில், வளைக்கும் விசையின் தாக்கம் நடுவில் மிகுந்தும் முனைகளை நோக்கிக் குறைந்தும் இருக்கும். நடுவில் அகன்று முனைகளில் கூம்பிய வைர வடிவத் தகடு ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன் ஒவ்வொரு பகுதியும் ஒரே அளவு தகைவைத் தாங்கும். அத்தகட்டை நீளவாட்டில் நாடாக்களாக அரிந்து, ஒத்த நாடாக்களை இணைத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் கிடைப்பதே பட்டைவில்லின் உருவம்.

பட்டைகள் ஒன்றோடொன்று உராயும்போது சக்தியின் ஒரு பகுதி வெப்பமாகக் கழிகிறது; இவ்வாறு மூன்றாவது கடமையும் ஓரளவு நிறைவேறுகிறது. ஆனால் துருவேறிய பட்டைகளில் உராய்வு எல்லை மீறி, சிறு அதிர்ச்சிகளுக்கு வில் அசையாமலே நின்றுவிடும். அப்பொழுது ஒன்பது பட்டைகள் ஒரே தடித்த பட்டையைப்போல் நடந்துகொள்கின்றன. இக்குறையைத் தவிர்க்க, நடுவில் தடித்து முனைகளில் மெலிந்த சில பட்டைகளை மட்டும் கொண்டு, இடையில் அவை தொடாதவாறு அமைக்கும் வில்கள் இன்று பல வண்டிகளில் உபயோகமாகின்றன.

ரப்பரின் இயல்பு

ரப்பர் மென்மையான பொருள். ஆதலின் அழுத்தினால் அது சுருங்கும் என்று பலர் எண்ணுவர். இது தவறு. ரப்பர் உருவம் மாறுமேயன்றி, அதன் கன அளவு ஏறத்தாழ மாறுவதில்லை. இவ்வகையில் அது தண்ணீரை ஒத்தது. மேலிருந்து அழுத்தப்பட்ட ரப்பர்த் துண்டு பக்கங்களில் பிதுங்குவதாலேயே அமுங்குகிறது. பிதுங்க இடமில்லாதபடி அதனைச் சுற்றிலும் அடைத்துவிட்டால், அது கல்லைப்போல் விறைத்து நிற்கும்.

ரயில் பாதையில் இவ்வுண்மை பயன்படுவதைக் காணலாம். கான்கிரீட் குறுக்குக்கட்டைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே 6 மி.மீ. தடிப்புள்ள ரப்பர்த் திண்டு வைக்கப்படும் இடங்களில், அதன் பரப்பில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். அவை அழகுக்காக அமைந்தவை அல்ல. சக்கரம் கடக்கும்போது ரப்பர் பிதுங்குவதற்கு விடப்பட்ட இடம் அது. பள்ளங்கள் தேய்ந்து மறைந்த திண்டு, ரப்பராகவே இருந்தும், தன் வேலையைச் செய்வதில்லை.

பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் வேண்டியது இதற்கு மாறான குணம். மேலிருந்து வரும் பெரும் பாரத்தின்கீழ்த் திண்டு அமுங்கக் கூடாது. ஆனால் பக்கவாட்டில் தாராளமாக நெகிழ வேண்டும். பிதுங்குவதைத் தடுப்பதற்காகவே ரப்பரின் இடையிடையே எஃகுத் தகடுகளைப் புகுத்தி, சூட்டினாலும் அழுத்தத்தினாலும் பிரியாதபடி பிணைக்கின்றனர்.

இதனைக் கணக்கிட வடிவ எண் என்னும் அளவு உதவுகிறது. பாரம் தாங்கும் பரப்பை, பிதுங்குவதற்குரிய பக்கப் பரப்பால் வகுத்தால் வருவது வடிவ எண். 300 மி.மீ. சதுரமும் 100 மி.மீ. தடிப்பும் உள்ள ரப்பர்க் கட்டிக்கு இது 0.75. அதே ரப்பரைப் பத்துத் தகடுகளாக்கி இடையே எஃகு வைத்துப் பிணைத்தால், ஒவ்வொரு தகட்டுக்கும் இது 7.5 ஆகிறது. மேலிருந்து வரும் அழுத்தத்துக்குத் திண்டின் விறைப்பு 40 முதல் 50 மடங்கு வரை உயர்ந்துவிடும். பக்கவாட்டு விறைப்போ மொத்த ரப்பரின் தடிப்பைப் பொறுத்தது. அது 100 மி.மீ. ஆகவே இருப்பதால் இவ்விறைப்பில் மாறுதல் இல்லை. எஃகை அடுக்கியதால் வில் மென்மையானது. ரப்பரை அடுக்கியதால் திண்டு ஒரு திசையில் மட்டும் வன்மையானது.

நிலநடுக்கமும் மருத்துவமனையும்

இத்திண்டுகளின் மிகப் பெரிய பயன் நிலநடுக்கத்தின்போது வெளிப்படுகிறது. உறுதியான தரையில் நிற்கும் சில மாடிக் கட்டடம் அரை விநாடிக்கும் குறைந்த காலத்தில் ஒரு முறை அசைந்து மீளும். நிலநடுக்க அலைகளின் கடுமையும் பெரும்பாலும் இக்கால அளவிலேயே மிகுந்திருப்பதால் அசைவு பெருகுகிறது. கட்டடத்தை அடுக்கு ரப்பர்த் தாங்கிகள்மீது அமைத்தால் அதன் அசைவுக் காலம் 2 விநாடி அல்லது அதற்கு மேல் நீளுகிறது. தரை விரைந்து நடுங்க, மேலுள்ள கட்டடம் மெல்ல ஆடி நிற்கிறது.

இம்முறை படிப்படியாகவே திருந்தியது. 1963-இல் நிலநடுக்கத்தால் அழிந்த ஸ்கோப்பியே நகரில், பெஸ்டலோசி பள்ளிக் கட்டடம் 1969-இல் ரப்பர்க் கட்டிகள்மீது எழுப்பப்பட்டது. அக்கட்டிகளில் எஃகுத் தகடுகள் இல்லை. ஆதலின் கட்டடத்தின் பாரத்தால் அவை பக்கங்களில் பிதுங்கின. பல ஆண்டுகளுக்குப் பின் எஃகு அடுக்குள்ள தாங்கிகள் அவற்றுக்குப் பதிலாக வைக்கப்பட்டன. அசைவை அடக்கும் கடமைக்கும் வழி காணப்பட்டது. 1970-களில் நியூசிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ராபின்சன், திண்டின் நடுவே ஈயத் தண்டு ஒன்றைப் பொருத்தும் முறையை உருவாக்கினார். கட்டடம் ஆடும்போது ஈயம் உருமாறிச் சக்தியை வெப்பமாகக் கழிக்கிறது.

1994-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஏற்பட்ட நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் இதன் பயன் புலனாயிற்று. அங்கு இத்தகைய தாங்கிகள்மீது அமைந்த பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றின் வெளித் தரையில், முடுக்கம் புவியீர்ப்பில் 49 சதவீதமாகப் பதிவாயிற்று. கட்டடத்தின் கூரையில் அது 21 சதவீதமே. மருத்துவமனை தன் பணியை நிறுத்தவில்லை.

நம் நாட்டில் 2001 ஜனவரி 26 அன்று நேர்ந்த கச்சு நிலநடுக்கத்தில் பூஜ் நகரின் மருத்துவமனை இடிந்து வீழ்ந்தது. மருத்துவமனை மிகவும் தேவைப்பட்ட வேளையில் அது இல்லாமற் போயிற்று. காயமுற்றோருக்குத் திறந்த வெளியில் சிகிச்சையளிக்க நேர்ந்தது. அதற்குப் பதிலாக எழுந்த புதிய மருத்துவமனை, ஈயத் தண்டு பொருத்திய அடுக்கு ரப்பர்த் தாங்கிகள்மீது கட்டப்பட்டது.

எனினும் இம்முறை எல்லா இடங்களுக்கும் ஏற்றதன்று. மெல்லிய ஆழ்ந்த வண்டல் தரை தானே 2 விநாடிக் கால அளவில் அசையக்கூடும். 1985-இல் மெக்சிகோ நகரில் பழைய ஏரிப் படுகையின்மேல் அத்தகைய அசைவே நிகழ்ந்தது. அங்கே தாங்கிகள் நன்மைக்கு மாறாகத் தீமையே செய்யும். தரையின் இயல்பை ஆராய்ந்த பின்னரே இதனை மேற்கொள்ள வேண்டும்.

பணியாளர் கவனிக்க வேண்டியவை

வில்லோ திண்டோ பழுதுபடுவது பெரும்பாலும் அதன் அசைவுக்குத் தடை நேர்வதாலேயே ஆகும்.

பட்டைவில் நிமிரும்போது அதன் நீளம் சற்றுக் கூடும். அதற்கு இடந்தருவதற்காக ஒரு முனை ஊசலாடும் இணைப்பில் தொங்குகிறது. அவ்விணைப்புத் துருவேறி இறுகிவிட்டால், நல்ல எஃகாயினும் பட்டைகள் உடையும். வில்லை அச்சோடு பிணைக்கும் வளைபட்டைத் திருகுகள் தளர்ந்தால், நடுத் துளையருகே பட்டை முறியும். மிகுந்த பாரம் ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டைகளைச் செருகுவதால் வில் விறைத்து, அதிர்ச்சி வண்டியின் சட்டத்தையே சென்று தாக்கும்.

ரப்பர்த் திண்டுக்கு எண்ணெயும் நேர் வெயிலும் ஆகா. பக்கங்களில் வெடிப்பு, சீரற்ற பிதுக்கம், எஃகுத் தகடு வெளியே தெரிதல் ஆகியவை தகடு பிரிந்ததற்கு அறிகுறிகள். இவற்றிலிருந்து காத்தால் ரப்பர் நெடுங்காலம் உழைக்கும். மெல்போர்ன் நகரின் ரயில் மேம்பாலத்தில் 1889-இல் வைக்கப்பட்ட ரப்பர்த் திண்டுகளை ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, மேற்பரப்பில் மெல்லிய படலம் மட்டுமே கெட்டிருந்தது.

தாங்கிகள்மீது நிற்கும் கட்டடத்தைச் சுற்றி விடப்பட்ட இடைவெளி மிக முக்கியமானது. அதனைக் குப்பை நிரப்புதல், அதன் குறுக்கே சுவரெழுப்புதல், விறைத்த குழாய்களைக் கொண்டு செல்லுதல் ஆகியவற்றால் தாங்கிகள் இருந்தும் பயனற்றுப் போகும். நிலநடுக்கம் வரும் நாள்வரை இப்பிழை யாருக்கும் தெரியாது என்பதே இதிலுள்ள அபாயம்.

வகுப்பறைச் சோதனைகள்

தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு வளைத்தால், மறுமுனையில் தாள்கள் ஒன்றையொன்று கடந்து சரிந்து நிற்பதைக் காணலாம். அம்முனையையும் இறுகக் கட்டிய பின் வளைத்தால் புத்தகம் எளிதில் வளையாது. பட்டைவில்லின் தத்துவம் இதில் அடங்கியுள்ளது.

பென்சில் அழிக்கும் ரப்பரின் பக்கங்களில் மையினால் நேர்க்கோடுகள் இட்டு, இரு பலகைகளுக்கிடையே அழுத்தினால், கோடுகள் வெளிப்புறம் வளையும். மற்றொரு ரப்பரை மெல்லிய வில்லைகளாக அரிந்து, இடையே தகரத் துண்டுகளைப் பசையால் ஒட்டி அடுக்கி, அதே பாரத்தை வைத்தால் பிதுக்கம் மிகவும் குறைந்திருக்கும். இரண்டையும் பக்கவாட்டில் தள்ளினால் ஒரே அளவில் சாய்ந்து மீளும். பூஜ் மருத்துவமனையின் அடியில் இருக்கும் அமைப்பைப் பள்ளி மேசையின்மேலேயே மாணவர் இவ்வாறு கண்டறியலாம்.