பரண்ல ஒரு பாட்டுக் கச்சேரி!

போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்றேன்னு பரண் மேல ஏறியிருக்கீங்களா? கால் ஒடைஞ்ச நாற்காலி, அக்காவோட டென்த் கைடு, யார் கல்யாணத்துக்கோ வந்த எவர்சில்வர் குடம்... இதுக்கெல்லாம் பின்னாடி தூசி படிஞ்சு ஒரு பெட்டி. திறந்தா, உள்ளே தோசைக்கல் சைஸ்ல பத்துப் பதினைந்து கறுப்புத் தட்டு. பக்கத்துல ஒரு ஷூ பாக்ஸ் நிறைய கேசட். "அதையெல்லாம் இனிமே எவன் கேட்கப் போறான், தூக்கிக் கீழே போடுடா!"ன்னு அப்பா குரல் கொடுப்பார்.

ஒரு நிமிஷம் பாஸ், போட்டுடாதீங்க! போகி நெருப்புல நிச்சயமா போடாதீங்க. எல்.பி. ரெக்கார்டு என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். எரிச்சா தெருவுக்கே விஷப் புகைதான். காயலான் கடைக்கும் வேண்டாம். ஏன்னு சொல்றேன், கேளுங்க.

தட்டுக்குள்ள என்ன இருக்கு?

உங்க கிளாஸ்ல ஒரு பந்தயம் கட்டுங்க. 'எல்.பி. ரெக்கார்டோட ஒரு பக்கத்துல எத்தனை கோடு இருக்கு?'ன்னு கேளுங்க. நூறும்பான், ஆயிரமும்பான். சரியான விடை, ஒண்ணே ஒண்ணு! ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி நடுவுக்கு வர ஒரே பள்ளம். ஒரு பக்கம் சுமார் 22 நிமிஷம் ஓடுற 12 இஞ்ச் தட்டுல, அந்தக் கோட்டைப் பிரிச்சு நீட்டினா ஏறக்குறைய அரை கிலோமீட்டர் வரும். அந்த அரை கிலோமீட்டர் சந்துலதான் ஊசி நடந்து போகுது. சந்தோட ரெண்டு சுவரும் வளைஞ்சு நெளிஞ்சு இருக்கும். அந்த நெளிவுதான் பாட்டு. ஸ்டீரியோ தட்டுன்னா ஒரு சுவர் இடது ஸ்பீக்கருக்கு, மறு சுவர் வலது ஸ்பீக்கருக்கு.

சந்தேகமா? பிளேயர் சுத்தும்போது ஆம்ப்ளிஃபயரை ஆஃப் பண்ணிட்டு ஊசிகிட்ட காதைக் கொண்டு போங்க. கொசு பாடுற மாதிரி பாட்டு கேட்கும். எந்த எலெக்ட்ரானிக்ஸும் இல்லாம, ஊசி மட்டும் பாடும். முதல் தடவை கேட்டப்போ எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

இந்த 33 சுற்று எல்.பி. வந்தது 1948-ல. அதுக்கு முன்னாடி நிமிஷத்துக்கு 78 தடவை சுத்துற தட்டுகள். ஒரு பக்கத்துக்கு மூணு, நாலு நிமிஷம்தான் தாங்கும். 1902-ல கொல்கத்தாவுல கௌஹர் ஜான் பாடிப் பதிவானப்போ, விஸ்தாரமா பாடவேண்டிய ராகத்தை அந்த மூணு நிமிஷத்துக்குள்ள மடக்கித்தான் பாடினாங்க. அந்தத் தட்டுகள் எதுல செஞ்சது தெரியுமா? அரக்குல! மரத்துல இருக்கிற அரக்குப் பூச்சி சுரக்கிற பிசின். உலகத்துக்கே அதை அதிகமா ஏற்றுமதி பண்ணினது நம்ம இந்தியா. லண்டன்ல சுத்தின தட்டுலயும் நம்ம காட்டு வாசனை இருந்தது மக்களே!

உண்மையைச் சொல்லணும்னா...

'எல்.பி. சவுண்டு மாதிரி வருமா'ன்னு சில பேர் சிலிர்த்துக்குவாங்க. அவங்க பேச்சை முழுசா நம்பாதீங்க. சத்தத்தோட துல்லியத்தை மட்டும் அளந்தா சி.டி.தான் ஜெயிக்கும். எல்.பி.யில ஊசி உரசுற இரைச்சல் உண்டு. தட்டோட நடுப்பக்கம் போகப்போக ஒரு சுற்றோட நீளம் குறையும். அதனால கடைசிப் பாட்டு கொஞ்சம் கரகரக்கும். தூசி விழுந்தா 'டிக் டிக்'.

அப்புறம் ஏன் உலகமே மறுபடி அது பின்னாடி ஓடுது? அமெரிக்காவுல 2022-ல எல்.பி. உள்ளிட்ட வினைல் தட்டுகள் சுமார் 4.1 கோடி வித்தது, சி.டி. சுமார் 3.3 கோடிதான். எண்ணிக்கையில தட்டு சி.டி.யை முந்தினது 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. காரணம் ரொம்ப சிம்பிள். போன்ல பாட்டு பிடிக்கலைன்னா ஒரே தள்ளு, அடுத்த பாட்டு. பத்து விநாடி பொறுமை கிடையாது. தட்டுல அந்தப் பருப்பு வேகாது. உறையிலிருந்து ஓரம் பிடிச்சு எடுக்கணும், துடைக்கணும், ஊசியைப் பதமா இறக்கணும். இவ்வளவு பாடுபட்ட பிறகு எழுந்து போக மனசு வராது. இருபது நிமிஷம் உட்கார்ந்து கேட்டே ஆகணும். நாலாவதா வர, யாருமே கண்டுக்காத பாட்டு ஒண்ணு, அப்பதான் உங்களுக்குப் பிடிச்சுப்போகும்.

பிளே லிஸ்ட்டுக்குத் தாத்தா!

உங்க பிளே லிஸ்ட்டுக்கும் ஒரு பூர்வ ஜென்மம் இருக்கு. எண்பதுகள்ல தமிழ்நாட்டுல தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர்கள். பிடிச்ச பாட்டையெல்லாம் நோட்டுல எழுதிக் கிழிச்சு, ஒரு 60 இல்லைன்னா 90 கேசட்டோட கொண்டுபோய்க் கொடுத்தா, எல்.பி.யிலிருந்து ஒவ்வொண்ணா பதிஞ்சு தருவாங்க. ரெண்டு நாள், மூணு நாள் காத்திருக்கணும். அந்த லிஸ்ட்டுல பத்தாவது பாட்டா எதைப் போடறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்ட அண்ணன்கள் எத்தனை பேர்! காதலைச் சொல்ல தைரியம் இல்லாதவங்க கேசட்டை மட்டும் கொடுத்துட்டு ஓடின கதையும் உண்டு. உங்க அப்பா, சித்தப்பாகிட்ட கேட்டுப் பாருங்க. முதல்ல முறைப்பாங்க, அப்புறம் சிரிப்பாங்க!

எந்த ஆப்புலயும் இல்லாதது

இதுவரைக்கும் சொன்னது ரசனை. இனிமே சொல்றதுதான் விஷயம்.

என் பெரியப்பா எண்பதுகள்ல குவைத்துல வேலை பார்த்தார். அப்போ ட்ரங்க் கால் போடறது யானை விலை. அதனால வளைகுடாவுக்குப் போன பல வீடுகள்ல கடிதத்துக்குப் பதிலா கேசட்தான். டூ-இன்-ஒன் முன்னாடி குடும்பமே உட்கார்ந்து பேசும். ஊருக்குப் போறவங்ககிட்ட கொடுத்து அனுப்பும். எங்க பாட்டியும் அப்படிப் பேசினது ஒரு கேசட். பெரியப்பா ஊர் திரும்பினப்போ அதையும் பத்திரமா கொண்டு வந்தார்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ரேடியோவுல வந்த ஒரு பாட்டைப் பதியணும். கையில கிடைச்ச பழைய கேசட்டைப் போட்டு, ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திட்டேன். அது எந்த கேசட்னு இப்போ புரிஞ்சிருக்குமே?

பாட்டி போய்ச் சேர்ந்து பல வருஷம் கழிச்சு அதைப் போட்டுக் கேட்டோம். முதல்ல என்னோட பாட்டு. அது முடிஞ்சு ஒரு 'டக்'. அப்புறம் திடீர்னு பாட்டி! "ராசா... மாடு கன்னு போட்டுடுச்சுப்பா... வெயில்ல அலையாதே"ன்னு ஒரே கத்தல். குவைத் வரைக்கும் கேட்கணுமே, அதனால கத்திப் பேசியிருக்காங்க. எல்லாரும் சிரிச்சோம். பெரியப்பா மட்டும் எழுந்து கொல்லைப் பக்கம் போயிட்டார். மிச்சம் இருந்தது நாலு நிமிஷம். முன்னாடி இருந்த பதினைந்து நிமிஷத்தை நான் அழிச்சது அழிச்சதுதான். அந்தப் பாட்டு இன்னைக்கு எல்லா ஆப்லயும் இருக்கு. பாட்டி எதுலயும் இல்லை.

கேசட்டோட முதுகுப் பக்கம் ரெண்டு ஓரத்துலயும் குட்டியா ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை ஒடைச்சுட்டா, மேல எதையும் பதிய முடியாது. ஒரு விநாடி வேலை. எங்க வீட்டுல யாருக்கும் தோணலை.

பரண்ல ஏறுறதுக்கு முன்னாடி...

* கையால எழுதின கேசட்டை முதல்ல தனியா எடுங்க. பல்லை ஒடைச்சுட்டு மறுவேலை. மேல சினிமாப் பேர் எழுதியிருந்தாலும் ரெண்டு பக்கமும் முழுசா கேளுங்க.

* பழைய பிளேயர்ல எடுத்ததும் பொக்கிஷத்தைப் போடாதீங்க. முதல்ல வேண்டாத கேசட் ஒண்ணைப் போட்டு, டேப்பை மெல்லுதான்னு பாருங்க. டேப் உரசுற ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க.

* அதே ஆல்கஹாலை 78 தட்டு பக்கம் கொண்டு போகாதீங்க. அரக்கு கரைஞ்சுடும்!

* எல்.பி. ஊசியும் 78 ஊசியும் வேற வேற. 78-க்கு அகலமான ஊசி வேணும். பழைய கிராமபோன்ல எல்.பி.யைப் போட்டா அந்த இரும்பு ஊசி பள்ளத்தையே உழுதுடும்.

* தட்டுகளைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைங்க. படுக்கப் போட்டு அடுக்கினாலோ, வெயில் பட்டாலோ அப்பளமா வளைஞ்சுடும்.

* பிளேயரோட ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர் போட்டு லேப்டாப்ல பதியலாம். 'ஆடாசிட்டி' மாதிரி இலவச சாஃப்ட்வேரே போதும். வயர் இல்லையா? ஸ்பீக்கர் பக்கத்துல போனை வெச்சாவது பதிஞ்சிடுங்க. ஒண்ணும் இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல்.

பிளேயர் வாங்கக் காசு இல்லைன்னு கவலை வேண்டாம். தெருவுல, சொந்தத்துல யாராவது ஒரு ரிட்டயர்டு மாமா வீட்டுல ஒண்ணு சும்மா கிடக்கும். போய்க் கேளுங்க. பிளேயரோட ஒரு டம்ளர் காபியும் ஒன்பது கதையும் கிடைக்கும்.

டேப் வருஷா வருஷம் நைஞ்சுக்கிட்டே இருக்கு. அதுல பேசுறது யார் குரல்னு அடையாளம் சொல்லக்கூடியவங்களுக்கும் வயசாகிட்டே இருக்கு. அதனால போகி வரைக்கும் காத்திருக்காதீங்க. இந்த ஞாயித்துக்கிழமையே ஏணியைப் போடுங்க பாஸ். அப்பா கீழே நின்னு கத்தினா, அந்த ஷூ பாக்ஸை அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்க. கத்தல் நின்னுடும்!