இயந்திரத்தின் மூச்சு

கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலம் காய்ந்தால் வெடிக்கும். நனைந்தால் காலைப் பற்றி இழுக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட உழவுப் பதம் சில நாள்களே நிலைக்கும். அந்நாள்களைத் தவறவிட்ட மானாவாரி உழவர் அப்பருவத்தையே இழக்க நேரும். எனவே, டிராக்டரின் நலம் விளைச்சலின் நலமாகும். அந்நலத்தை உணர்த்தும் உறுப்புகளுள் ஒன்று, பலரும் கவனிக்காத ஒரு சிறு குழாய்.

கசியும் வளி

சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும்போது உண்டாகும் வளி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அவ்வளியைத் தடுக்கின்றன. எனினும், அதில் ஒரு சிறு பகுதி அவற்றைக் கடந்து, கிராங்க் தண்டு சுழலும் கீழ்ப்பெட்டியை அடைகிறது. அது வெளியேற வழியில்லையெனில் பெட்டிக்குள் அழுத்தம் பெருகும். எண்ணெய்த் தடுப்புகளைப் பிதுக்கிக்கொண்டு எண்ணெய் வழியும். இதனைத் தவிர்க்கவே ‘பிரீதர்’ என்னும் மூச்சுக்குழாய் பொருத்தப்படுகிறது.

பந்தயக் களம்

கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் நேர்பாதையைச் சில நொடிகளில் கடக்கும் ‘டிராக்’ பந்தய வாகனங்களுக்கு இக்குழாய் மட்டும் போதுவதில்லை. அவற்றின் சிலிண்டர் அழுத்தம் மிகுதி; ஆதலால் கசிவும் மிகுதி. பாதையில் எண்ணெய் சிந்தினால் சக்கரங்கள் வழுக்கி உயிருக்கே கேடு விளையும். ஆகவே, வெற்றிட பம்பு கொண்டு கீழ்ப்பெட்டியின் வளியை உறிஞ்சுகின்றனர். சிலர், விரைந்து பாயும் புகையின் ஈர்ப்பைப் பயன்படுத்தி, ஒருவழி வால்வுடன் கூடிய குழாயைப் புகைபோக்கியில் இணைக்கின்றனர். உட்புற அழுத்தம் குறைவதால் வளையங்கள் நன்கு பொருந்தி, ஆற்றலும் கூடுகிறது. ஆயினும் வெற்றிடம் அளவு கடந்தால், பிஸ்டன் ஊசிக்குச் சென்று சேரும் எண்ணெய்த் துளிகள் குறையும். எனவே, அதற்கும் ஒரு வரம்பு வைக்கப்படுகிறது.

கரிசல் களம்

கோடை உழவில் எழும் புழுதி, பழுதான காற்று வடிகட்டியின் வழியே நுழைந்து சிலிண்டர் சுவரையும் வளையங்களையும் அராவுகிறது. தேய்ந்த வளையங்கள் வளியை மிகுதியாகக் கசியவிடுகின்றன. மூச்சுக்குழாயில் புகை அடர்கிறது. எண்ணெய் தெறிக்கிறதென்று அக்குழாயைத் துணியால் அடைப்பது, கொதிக்கும் பானையின் மூடியை இறுகக் கட்டுவதற்கு ஒப்பாகும். வடிகட்டியைத் தூய்மை செய்தல், குழாயின் அடைப்பை நீக்குதல், புகை குறையாவிடில் வளையங்களை ஆராய்தல் என்பனவே தக்க வழிகள்.

பந்தய வீரருக்கு நொடியும் உழவருக்குப் பதமும் திரும்பி வாரா. இயந்திரத்தின் மூச்சைக் கவனிப்போர் அவ்விரண்டையும் காத்துக்கொள்வர்.