மயக்க மருந்து அளிக்கும் செவிலியர்

அறுவை சிகிச்சையின்போது நோயாளி தம் மூச்சையும் நாடித்துடிப்பையும் பிறர் கண்காணிப்பில் ஒப்படைக்கிறார். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே செவிலியரும் இப்பொறுப்பை ஏற்றுவருகின்றனர். மயக்க மருந்து அளிப்பது மருத்துவர்க்கே உரிய பணி எனக் கூறி, கலிஃபோர்னியாவில் டாக்மர் நெல்சன் என்னும் செவிலியர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அறுவை மருத்துவரின் மேற்பார்வையில் செவிலியர் அதனை அளிக்கலாம் என 1936இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்போடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1931இல் அகதா ஹாட்ஜின்ஸ் தொடங்கிய அவர்களது சங்கம், 1945இல் தகுதித் தேர்வையும் நடத்தத் தொடங்கியது. உரிமையைச் சட்டம் தந்தது. நம்பிக்கையைத் தேர்ச்சியே தரவேண்டியிருந்தது.

ஆகவே, மயக்க மருந்து அளிப்பவரின் பெயரையும் தகுதியையும் கேட்டறியத் தயங்காதீர்கள். உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, முன்பு மயக்க மருந்தால் நேர்ந்த தொல்லைகள் ஆகியவற்றை அவரிடம் மறவாமல் கூறுங்கள்.