தேன்பெட்டிக்கு உறுதியான கால்கள்

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் செல்லும் சாலையில் இருக்கிறது குமராட்சி. கொள்ளிடத்தை அடுத்த நெல் விளையும் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்பகுதியின் களிமண் குழைந்து சேறாகிவிடும். இத்தகைய மண்ணில் தேனீப் பெட்டியைச் சாயாமல் நிறுத்துவது எப்படி?

இந்தியத் தேனீயை வளர்க்க நம் தோட்டங்களில் பயன்படுவது நியூட்டன் பெட்டி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பணியாற்றிய பாதிரியார் நியூட்டன் இதை உருவாக்கினார். புவியீர்ப்பை விளக்கிய ஐசக் நியூட்டன் வேறு. ஆனால் பெட்டி விழாமல் நிற்க வேண்டுமானால் அவரையும் நாம் மறக்கக் கூடாது!

பெட்டியும் அதன் தாங்கியும் சேர்ந்து 20 கிலோ என்று கொள்வோம். தாங்கியின் நான்கு கால்களும் 5 செ.மீ. சதுரம் உடையவை. அவை தரையைத் தொடும் மொத்தப் பரப்பு 100 சதுர செ.மீ. ஆகவே ஒவ்வொரு சதுர செ.மீ. மண்ணும் 200 கிராம் சுமக்க வேண்டும். ஒவ்வொரு காலின் அடியிலும் 20 செ.மீ. சதுரமான தட்டைக் கல் வைத்தால் பரப்பு 1,600 சதுர செ.மீ. ஆகிவிடும். கல்லின் எடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், சுமை 12.5 கிராம்தான். பதினாறில் ஒரு பங்கு!

ஒரு கால் மட்டும் புதைந்தால் என்ன ஆகும்? தேனீக்கள் அடையைத் தூக்குக்குண்டு நூல்போல் நேராகத் தொங்கும்படி கட்டுகின்றன. பெட்டி பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் அடை சட்டத்தை விட்டு விலகி வளரும். சட்டத்தைத் தூக்கும்போது ஒடியும். முன்புறம் மட்டும் சற்றே தாழ்ந்திருக்கலாம். உள்ளே புகும் மழைநீர் வாயில் வழியே வடிந்துவிடும்.

அடுத்தது காற்று. ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையும் கோடு கால்களுக்கு இடையே விழும்வரை தாங்கி கவிழாது. ஆகவே கால்களை அகலமாக விரித்து அமைக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பெரிய மரங்களையே சாய்த்தது. புயல் காலத்தில் பெட்டியைத் தாங்கியோடு கயிற்றால் கட்டி, தாங்கியையும் முளையடித்துப் பிணைப்பது நல்லது.

எறும்பும் ஒரு பகைவனே. அதன் தொல்லை மிகுந்தால் இந்தியத் தேனீக் கூட்டம் பெட்டியையே விட்டுப் பறந்துவிடும். கல்லின்மேல் நீர் ஊற்றிய கிண்ணம் வைத்து, அதனுள் காலை நிறுத்துங்கள். ஆனால் ஒரே ஒரு புல் பெட்டியைத் தொட்டாலும் எறும்புக்கு அதுவே பாலம்! நீரை வாரம் ஒரு முறை மாற்றாவிட்டால் கொசுவும் பெருகும்.

செய்து பாருங்கள்: ஈரக் களிமண்ணில் ஒரு செங்கல்லைச் செங்குத்தாகவும், மற்றொன்றைப் படுக்கையாகவும் வையுங்கள். எது ஆழமாகப் பதிகிறது? பெட்டிக்குத் தட்டைக் கல் ஏன் தேவை என்பதை அந்தத் தடமே சொல்லிவிடும்.