கர்னலை மாற்றினால் பழைய லேப்டாப் பறக்குமா?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கைவிரித்துவிட்டது. லினக்ஸுக்கு மாறிய வாசகர்கள் கேட்பது ஒன்றுதான்: “ஸான்மாட், லிகரிக்ஸ் மாதிரி தனிக் கர்னல் போட்டால் வேகம் கூடுமா?” (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி.)

வேகம் வேறு, திக்காமல் ஓடுவது வேறு. வீடியோ மாற்ற பத்து நிமிடம் ஆனால் ஆகட்டும். நடுவில் மவுஸை அசைத்தால் அம்பு அசைய வேண்டும். திரை நொடிக்கு 60 தடவை மாறுகிறது. ஒரு தடவைக்கு 16 மில்லிசெகண்ட்தான். ‘அதிவேகம்’ என்று பீற்றும் சராசரிக் கணக்கில் இந்தத் திக்கல் தெரியாது. ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவரான கான் கோலிவாஸ் லினக்ஸ் கர்னலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியது இந்தத் திக்கலை ஒழிக்கத்தான். எந்த நிரலுக்கு எப்போது பிராசசர் என்று முடிவு செய்யும் கர்னல் பகுதிதான் ஷெட்யூலர். 2007-ல் லினக்ஸ் கர்னலில் அவருடைய ஷெட்யூலரை விட்டுவிட்டு, இங்கோ மோல்நார் எழுதியதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

2023-ல் வந்த 6.6 கர்னலில் அதுவும் மாறி, 1995-லேயே ஆய்வுக் கட்டுரையாக வந்த இஇவிடிஎஃப் என்ற ஷெட்யூலர் முறை நுழைந்தது. ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள்: அட்டைதாரர்கள்தான் நிரல்கள், சரக்குதான் பிராசசர் நேரம். எல்லா அட்டைக்கும் பங்கு ஒன்றே. மொத்தமாகக் கேட்பவருக்குக் கெடு தள்ளிப்போகும். “கால் கிலோ போதும், அடிக்கடி வருகிறேன்” என்பவருக்குக் கெடு முன்னால் வரும். அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பங்குக்கு மேல் வாங்கியவருக்கு, மற்றவர்கள் கணக்கு சரியாகும்வரை முறையே கிடையாது. சலுகை நேரத்தில்தான், அளவில் இல்லை. கெட்டிக்காரத்தனம்! ஆனால் ‘கால் கிலோ போதும்’ என்று நிரலே சொல்லும் வசதி 6.12-ல்தான் வந்தது. வாய் திறந்து கேட்கும் நிரல்கள் இன்னும் குறைவு.

புதுவாயலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரும் இதே கேள்வியை எழுதியிருந்தார், நேரில் போனேன். அவரிடம் இருப்பது மகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த லேப்டாப். 2011-ல் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கிய திட்டம் அது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் அன்றே அதில் இருந்தது, இவர் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது புது லினக்ஸ், ஸான்மாட் கர்னல். பிரவுசரில் ஏழெட்டுப் பக்கம் திறந்தபடி பிடிஎஃப்-ஐ பிரிண்டுக்கு அனுப்பினார். அம்பு நின்று நின்று நகர்ந்தது. ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவேயில்லை. 2 ஜிபி ரேம் நிரம்பி, டிஸ்க்கில் எழுதித் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறது. பிராசசர் சும்மா கிடக்கும்போது ஷெட்யூலர் யாரை முன்னால் கூப்பிட்டு என்ன?

அவருக்கு என்ன வழி? எஸ்எஸ்டி, முடிந்தால் ரேம்.

கர்னல் எட்டிப் பார்க்கும் வேகத்தை 250 ஹெர்ட்ஸிலிருந்து 1000 ஆக்கினால்? இடைவெளி 4 மில்லிசெகண்டிலிருந்து 1 ஆகும், அவ்வளவே.

தனிக் கர்னல் யாருக்கு? ரேம் தாராளமாக இருந்து, பிராசசர் மூச்சு முட்டுகிறவர்களுக்கு.

பழைய கர்னலை அழித்துவிடலாமா? கூடாது, புதியது எழும்பாவிட்டால் அதுதான் கதி.