கைப்பேசி விளையாட்டும் பெற்றோர் கடமையும்

கைப்பேசி விளையாட்டுகள் இன்று கிராமச் சிறுவரிடையேயும் பரவிவிட்டன. அவை யாவும் தீயன எனல் பொருந்தாது. 2011-ல் முழு வடிவில் வெளிவந்த ‘மைன்கிராப்ட்’டில் சிறுவர்கள் கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் அமைக்கின்றனர். ஆயினும், பல விளையாட்டுகள் நாள்தோறும் வருவோர்க்குப் பரிசளித்து, விட்டு எழ மனம் வராதவாறு அமைக்கப்பட்டுள்ளன.

விளையாட்டை நிறுத்த இயலாமை, படிப்பினும் பிற அலுவல்களினும் அதையே மேலாகக் கருதுதல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் சுமார் 12 மாதம் நீடித்து வாழ்க்கையைக் குலைக்குமாயின், அது ஒரு நோயே என 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றது. அத்தகைய பிள்ளையை அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் காட்டுதல் நலம்.

மற்றப் பிள்ளைகளுக்கு நேரத்தை வரையறுத்தலே போதும். அந்நேரம் முடிந்ததும் பெற்றோரும் தம் கைப்பேசியை எடுத்து வைத்தல் வேண்டும். ஊர் விளையாட்டுத் திடலை ஆக்கிரமிப்பின்றிப் பேணுவது பஞ்சாயத்தின் பொறுப்பாகும்.